கிண்ணந்தீவுக்கு வந்த மாப்பிள்ளை

தங்கராசா எதையும் திட்டம் போடாமல் செய்ய மாட்டார். காலையில் வலை எடுக்கப் போகும்போதே, பின்னேரம் எந்தப் பக்கத்து வேலியை அவிழ்த்துக் கட்டுவது என்று யோசித்து வைத்திருப்பார். யோசித்ததைக் கரித்துண்டால், அடுப்பெரிகிற குசினிச் சுவரில் கீறுவார். மனைவி நாகமுத்து தைப்பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து அதையெல்லாம் அழிப்பாள். பொங்கல் பானை ஆறுவதற்குள் அடுத்த கீறல் விழும். தீவில் அவருக்கு 'இஞ்சினியர்' என்று பட்டப்பெயர். வேடிக்கையாக வைத்ததுதான், ஆனால் கூரை ஒழுகினால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கிண்ணந்தீவு மட்டக்களப்பு வாவிக்குள் கிடக்கிற சின்னத் துண்டு நிலம். செட்டிபாளையத்துக் கரையிலிருந்து தோணியில்தான் போக வேண்டும். கொஞ்சக் குடும்பங்கள், ஒரு அம்மன் கோயில், வெயில் காலத்தில் கரிக்கும் ஒரு கிணறு. இத்தனை பேருக்காக வாவியைத் தாண்டிக் கம்பி இழுக்க முடியாது என்று மின்சாரக்காரர் கையை விரித்துவிட்டார்கள். இரவானால் அக்கரையில் வெளிச்சம் வரிசையாகத் தெரியும். இக்கரையில் விளக்கை ஊதிவிட்டுப் படுப்பார்கள்.

தங்கராசா இங்கே பிறந்தவர் அல்ல. அவருடைய ஊர் தன்னாமுனை. வாசலில் நின்று கையை நீட்டினால் பஸ் நிற்கும். ஆனால் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு உரியவை. தாய் மகளுக்குக் கொடுப்பாள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்படித்தான் தங்கராசா ஒரு பெட்டியோடு தோணியேறிக் கிண்ணந்தீவுக்கு வந்தார்.

வந்த புதிதில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். தோணி வலிக்கத் தெரியாது. வாவித் தண்ணியில் குளித்துச் சொறி பிடித்தது. பின்னேரமானால் துறையில் குந்திக்கொண்டு அக்கரை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமியார் வந்து, "மருமகனுக்கு ஏதும் குறையா?" என்று கேட்பார். குறை என்று எதைச் சொல்வது? ஒன்றுமில்லை என்பார். சொல்லாமல் விட்ட அந்தக் குறைகளை எல்லாம் அவர் மறக்கவேயில்லை.

அதனால்தான் மகள் கிருசிகாவுக்குக் கல்யாணம் பேசியபோது அவருக்கு மாப்பிள்ளையைப் பற்றியே யோசனை ஓடியது. மாப்பிள்ளை துசாந்தன். செட்டிபாளையத்துப் பையன், மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் ஒரு கடையில் போன் திருத்துகிறவன். பேச வந்த அவனுடைய தாய் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"வழக்கத்த மாத்தச் சொல்லல்ல அண்ணன். கரண்டோட வளந்த புள்ள. இஞ்ச எப்படி இருப்பான் எண்டுதான் யோசனை."

தங்கராசாவுக்கு ஒரே பிள்ளை. மாப்பிள்ளைக்கு இடம் பிடிக்காவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். பிறகு அவளைப் பார்க்க அக்கரைக்குப் போய், விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருந்துவிட்டு வர வேண்டும்.

"கம்பி வராட்டிப் போகட்டும்," என்றார் நாகமுத்துவிடம். "கம்பியில்லாம மனுசர் வசதியா இருக்கேலும் எண்டு காட்டுறன்."

"காட்டுங்க," என்று அவள் அரிசியைக் களைந்தாள்.

அந்த வருசம் குசினிச் சுவர் போதவில்லை. கீறல்கள் அறைக்குள்ளும் ஏறின. காத்தான்குடியில் சோலர் சாமான் விற்கிற இஷாமின் கடைக்கு அவர் போன போக்கில், கடையைப் பார்க்க வருகிறாரா கடைக்காரனைப் பார்க்க வருகிறாரா என்று அங்கிருந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"அண்ணன், வெயிலுக்கு ஆரும் திட்டம் போடுவாங்க. மாரியில என்ன செய்வீங்க?" என்றான் இஷாம்.

"மாரிக்குத்தான் திட்டமே. வெயிலுக்கு எதுக்குத் திட்டம்?"

அது சும்மா வாய்ப்பேச்சு அல்ல. முந்தின மாரி முழுக்க, சூரியன் முகம் காட்டாத நாட்களை அவர் கவனித்து வைத்திருந்தார். அந்த இருட்டைத் தாங்குகிற அளவுக்குப் பெற்றரி கேட்டார். வெள்ளம் ஏறினாலும் எட்டாதபடி பெற்றரிக்கு உயரத்தில் பலகை அடித்தார். கூரைத் தகரத்தைச் சுற்றி மழைத்தண்ணி ஓடப் பீலி வைத்து, அது போய் விழத் தொட்டி கட்டினார். முதல் மழையில் கூரை ஊத்தை தொட்டிக்குள் போய்விடாமல் வெளியே தள்ள ஒரு குழாய். கிணறு கரித்தாலும் குடிக்கத் தண்ணி இருக்கும். குசினியில் புகை சுற்றாமல் போக ஒரு புகைபோக்கி.

எல்லாம் மருமகனைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்திப் போட்ட கணக்குத்தான். மருமகன் வெக்கை தாங்காது, ஆகவே கட்டிலுக்கு மேலே விசிறி. மருமகன் குளிர்ந்த தண்ணி குடிப்பாராம், ஆகவே சின்னதாக ஒரு பிறிஜ். மருமகன் வீட்டிலும் போன் திருத்தக்கூடும், ஆகவே ஜன்னலோரம் மேசையும் அதற்கு மேலே லைட்டும். மகளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. பிறந்த வீட்டிலேயே இருக்கப் போகிறவளுக்கு என்ன குறை?

ஆவணியில் கல்யாணம் நடந்தது. முன்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுத் தங்கராசாவும் நாகமுத்துவும் பின்வளவுக் கொட்டிலுக்கு மாறினார்கள். மாமனும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அது மரியாதை. தங்கராசா எதையாவது அறிய வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டு, "மருமகனுக்கு ஏதும் குறையா?" என்பார். கிருசிகா இல்லையென்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் வர வரச் சுருங்கியதை அவர் கவனிக்கவில்லை.

கார்த்திகையில் மாரி இறங்கியது. நல்ல மாரி. வானம் சாம்பலைப் பூசிக்கொண்டு படுத்துவிட்டது. தங்கராசா பொழுதுபட்டால் கொட்டில் வாசலில் குந்தி முன்வீட்டு ஜன்னலையே பார்ப்பார். விளக்கு எரிந்தது. மறுநாளும் எரிந்தது. அயலவர்கள் எல்லாரும் தங்கள் போன்களைக் கொண்டுவந்து சொருகிய பிறகும் எரிந்தது. வெயில் திரும்பியபோது ஊரே அவரை இஞ்சினியர் என்று கூப்பிட்டது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் காலை அவர் துறையில் தோணித் தண்ணியை இறைத்துக்கொண்டிருந்தபோது துசாந்தன் தனியே வந்து நின்றான். அப்படி அவன் வந்ததேயில்லை.

"மாமா, செட்டிபாளையத்தில ஒரு வீடு வாடகைக்குப் பாத்திருக்கம்."

தங்கராசா இறைவையைக் கீழே வைத்தார். "என்ன குறை மருமகன்? சொல்லுங்க, செஞ்சிரலாம். விசிறி காணாதா? கடைக்குப் போய்வரத்தான் கஷ்டமெண்டா தோணிக்கு ஒரு இஞ்சின் பூட்டுவம்."

"ஒரு குறையும் இல்ல மாமா. எனக்கு இந்த இடம் நல்லாப் புடிச்சிரிக்கு. இஞ்ச வந்துதான் நான் நித்திரையே கொள்றன்." அவன் தலையைச் சொறிந்தான். "போகோணும் எண்டு நிக்கிறது நானில்ல. கிருசிகா."

தங்கராசா அவனை நம்பவில்லை. நேரே முன்வீட்டுக்குப் போனார். கிருசிகா தொட்டிக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மருமகன் என்னவோ சொல்றார்."

"சரியாத்தான் சொல்லியிருப்பார்."

"உனக்கு இஞ்ச என்ன குறை மகள்? பொறந்த வீடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்பா, நான் பள்ளிக்குப் போன காலத்தில இருந்து எந்த நேரமும் ஆரோ ஒராளுட தோணிக்குக் காத்துக்கொண்டுதான் நிக்கிறன். காத்தடிச்சாப் போகேலா. தோணிக்காரனுக்குக் காய்ச்சலெண்டாப் போகேலா. செருப்பப் போட்டுக்கொண்டு, நினைச்ச நேரம், ஒரு ரோட்டால நடந்து போகோணும். எங்க எண்டில்ல. சும்மா போகோணும்."

"இத முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அவருக்கு என்ன வேணுமெண்டுதானே கேட்டுக்கொண்டிருந்தீங்க."

ஒரு வருசமாக மருமகன் ஓடிவிடாமல் இருக்கத் தான் வேலி கட்டியதும், மகள் அந்த வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தங்கராசாவுக்கு விளங்கியது. அவமானமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகக் கவலையாக இருந்தது.

தை பிறந்ததும் அவரே தோணியில் சாமான்களை ஏற்றி இருவரையும் அக்கரையில் விட்டார். கிருசிகா கரையில் கால் வைத்ததும் செருப்பைப் போட்டாள். "நீங்களும் அம்மாவும் முன்வீட்டில இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பிப் பார்க்காமல் போகவில்லை, இரண்டு மூன்று தரம் பார்த்தாள். ஆனால் நடை நிற்கவில்லை. துசாந்தன்தான் பெட்டியோடு அவள் வேகத்துக்கு எட்ட முடியாமல் பின்னால் போனான்.

தங்கராசா திரும்பி வந்தபோது நாகமுத்து கொட்டில் வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் குந்தினார். வரும் வழி முழுக்க அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ரோட்டில நடக்கோணுமாம். இவ்வளவு வசதியையும் விட்டுட்டு ஒரு ரோட்டுக்காகப் போறாள். ஆரைப் போல பொறந்தாளோ தெரியல்ல."

"என்னைப் போலத்தான்," என்றாள் நாகமுத்து.

அவர் அவளைப் பார்த்தார்.

"தன்னாமுனையில இருந்து கேட்டு வந்திருக்காங்க எண்டு எங்கட அம்மா சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். ரோட்டுக்கரை மாப்பிள்ளை. வாசல்ல பஸ் நிக்கும். ஒரு முழு ராத்திரி நித்திரையில்ல." கத்தி மீனின் வயிற்றைக் கீறியது. "வழக்கம் தெரியாதவள் இல்ல நான். எண்டாலும் அந்த ஒரு ராத்திரி மறந்து போயிற்று. விடிஞ்சாப் பொறகுதான் நினைவு வந்தது, வாறது நீங்க, போறது நானில்ல எண்டு."

அவர் துறையில் குந்தி அக்கரையைப் பார்த்த அந்தப் பின்னேரங்களில் அவள் எங்கே இருந்தாள் என்று தங்கராசா யோசித்துப் பார்த்தார். நினைவில் வரவில்லை. பார்த்தால்தானே நினைவில் இருக்கும்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"ஆரு கேட்டது?"

தங்கராசா, கல்யாணம் பேச வந்த பையனைப் போலத் தடுமாறிக்கொண்டு கேட்டார்.

"இப்ப? இப்பவும் போகோணும் எண்டு இரிக்கா?"

நாகமுத்துவின் கை நின்றது. அவள் முன்வீட்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தண்ணிக்கு அப்பால் பார்த்தாள். இல்லை என்று உடனே சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் சொல்லவில்லை.

"இவ்வளவு காலத்துக்குப் பொறகு கேக்கிறீங்க. யோசிச்சுத்தான் சொல்லோணும்."

"சரி," என்றார் தங்கராசா. வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்து என்ன செய்வது என்று அவரிடம் ஒரு யோசனையும் இல்லை. சட்டியை இழுத்து வைத்து, அவள் வெட்டிப் போட்ட மீனைக் கழுவிக்கொண்டே, அவள் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.