புத்தகம் பார்க்காமல் சொன்ன வயது

யாழ்ப்பாணக் கரையில் எங்கள் குருநகரில் ஒருத்தி மருத்துவபீடத்துக்கு எடுபட்டால், அவள் முதல் ஊசி போடுவதற்கு ஐந்து வருடம் முன்பே ஊர் அவளை டொக்டர் ஆக்கிவிடும். எனக்கும் அதுதான் நடந்தது. முதலாம் வருடத்திலேயே ஆட்கள் நாக்கை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். "பிள்ளை, உதை ஒருக்காப் பார்" என்று கட்டி, புண், சிரங்கு எல்லாவற்றையும் திறந்து காட்டினார்கள். நான் அதுவரை படித்ததெல்லாம் பிணத்தை அறுத்தும் எலும்பைத் தடவியும்தான். உயிருள்ள நோயாளி ஒருவரை நான் தொட்டதே இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மறைப்பானேன், டொக்டர் என்ற அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கோட்டையில் இருந்த இராணுவம் ஊருக்குள் ஷெல் அடிக்கத் தொடங்கியதும் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். இரண்டு கிழமை என்றார்கள். அது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கி முடியும்வரை நீண்டது. என் கொப்பிகளையும் புத்தகங்களையும் நீர்வேலித் தோழி ஒருத்தி தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். எங்கள் வீட்டில் வைத்தால் எரிந்துவிடும், வாழைத் தோட்டத்துக்குள் யார் ஷெல் அடிக்கப் போகிறார்கள் என்று இருவருமாக முடிவெடுத்தோம். கொப்பிகள் பத்திரமாகத்தான் இருந்தன. என் மண்டைக்குள் இருந்ததுதான் கரையத் தொடங்கியது.

முதலில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் இரண்டின் பெயர் வரவில்லை. மீன் கழுவும்போது மனதுக்குள் எண்ணுவேன், ஆறில் நின்றுவிடும். பிறகு கழுத்து நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இன்னும் ஒரு மாதம் போனபோது, என்னென்ன மறந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பயப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் நான் பயப்படவில்லை. அம்மா "ஒண்டும் படிக்கிறேல்லையோ?" என்று கேட்டால், "எல்லாம் மண்டைக்குள்ளை கிடக்குதம்மா" என்று சொல்லிவிட்டு வானொலியைத் திருகுவேன்.

அந்தச் சோளகத்தில் கடலுக்குப் போன சில வள்ளங்கள் திரும்பவில்லை. அவற்றில் ஒன்றில் பக்கத்து வீட்டு மாமியின் ஒரே மகன் போயிருந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயது, நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கடற்படைக்காரர் சுட்டுவிட்டார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா, ஒருவருக்கும் தெரியாது. பிடிபட்ட சிலர் தெற்கே சிறையில் இருப்பதாக ஒரு கதை உலாவியது. பங்குச் சுவாமியார் காணாமல் போனவர்களின் பெயர்களைக் கொழும்புக்கு அனுப்பிக் கேட்பதற்காக ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். இறந்தது தெரிந்த எவருடைய பெயரும் அதில் இருக்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். "செத்தவனையும் சேர்த்துக் கேட்டா முழுப் பட்டியலையும் பொய்யெண்டு எறிஞ்சு போடுவாங்கள்" என்றார். அண்ணையின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. மாமி அவருடைய சேர்ட்டுகளைக் கிழமைக்கு ஒருமுறை தோய்த்துக் காயவிடுவார். போடாத சேர்ட்டை எதற்குத் தோய்க்கிறீர்கள் என்று கேட்க எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

ஒரு பின்னேரம் மாமியும் அவருடைய தம்பியாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பியார் ஆழக்கடலுக்குப் போகப் பயந்து, கரையோரக் கடலேரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர். கையில் ஓர் உரப்பை. அதற்குள்ளிருந்து நீளமான ஓர் எலும்பை எடுத்து எங்கள் மேசையில் வைத்தார். வலையில் மனித எலும்பு வந்தால் எங்கள் ஆட்கள் அதைத் திரும்பக் கடலில் போடமாட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்து சேமக்காலையில் அடக்கம் செய்வார்கள். ஆனால் யாருடைய பெயரைச் சொல்லி அடக்குவது? பொலிஸ் நிலையம் இயங்காத காலம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஆயிரம் கேள்வி. பக்கத்து வீட்டில் டொக்டர் இருக்கும்போது எதற்கு அலைச்சல் என்று என்னிடம் வந்துவிட்டார்கள்.

"மனிசற்றையோ பிள்ளை?" என்று தம்பியார் கேட்டார்.

"ஓம். தொடை எலும்பு." இது சரி. இதை மறக்கவில்லை.

மாமி எலும்பைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்பிளையோ? என்ன வயதிருக்கும்?"

எலும்பின் இரண்டு முனைகளிலும் இருக்க வேண்டிய குமிழ்கள் இல்லை. அந்த இடங்கள் சொரசொரவென்று மேடும் பள்ளமுமாக இருந்தன. இதைப் பற்றி ஏதோ படித்திருக்கிறேன் என்று ஒரு கணம் உறுத்தியது. விரிவுரை மண்டபத்தின் கரும்பலகை நினைவுக்கு வந்தது, அதில் எழுதியிருந்தது வரவில்லை. நீளத்திலிருந்து ஆளின் உயரத்தைக் கணக்கிட ஒரு வழி உண்டு. அதுவும் வரவில்லை.

"முட்டெல்லாம் எங்கை?" என்று தம்பியார் கேட்டார்.

"கடல் அரிச்சுப்போட்டுது" என்றேன். சொன்ன பிறகு அது எனக்கே நியாயமாகப் பட்டது. அரித்த பகுதியையும் சேர்த்தால் வளர்ந்த ஆளின் நீளம் வந்துவிடும்.

மாமி மெதுவாகக் கேட்டார். "புத்தகம் ஏதும் பாக்கத் தேவையில்லையோ பிள்ளை? ரெண்டு நாள் பொறுத்தும் சொல்லலாம்."

நீர்வேலி ஆறேழு மைல்தான். காலையில் சைக்கிளில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பியிருப்பேன். ஆனால் ஒழுங்கையே டொக்டர் என்று கூப்பிடும் ஒருத்தி, கொப்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வாள்? "தேவையில்லை மாமி" என்றேன். "ஆம்பிளைதான். இருபத்தஞ்சு முப்பது வயதிருக்கும்."

அந்த வயதைச் சொன்னால் அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்.

இரண்டு நாளில் அடக்கம் நடந்தது. ஊரே வந்தது. மாமிதான் முதல் பிடி மண் போட்டார். சுவாமியார் என்னிடம் "நீர் வடிவாப் பாத்தீரோ?" என்று ஒருமுறை கேட்டார். ஓம் என்றேன். அவர் பட்டியலை விரித்து அண்ணையின் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் பல்கலைக்கழகம் திறந்தது. தோழி கொப்பிகளைக் கொண்டுவந்து தந்தாள். பரீட்சை நெருங்கியதால் எலும்புகளிலிருந்து தொடங்கினேன். தொடை எலும்புப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே, சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன்: "கவனம். முனைக் குமிழ் இல்லாவிட்டால் உடைந்தது என்று நினைக்காதே. வளரும் பிள்ளைகளில் முனை இன்னும் தண்டோடு ஒட்டியிருக்காது, தனியே கழன்றுவிடும்." பக்கத்தில் மேடும் பள்ளமுமான அந்த முனையைப் படமாகவும் கீறியிருந்தேன். மேசையில் கிடந்தது அதேதான்.

அது அண்ணை இல்லை. அந்த நீளத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளையை எந்தக் கரையில் யார் தேடிக்கொண்டிருந்தார்களோ.

மாமியிடம் போகத் துணிவில்லாமல் முதலில் சுவாமியாரிடம் போனேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "முதல் பட்டியல் போயிட்டுது. ரெண்டாவது வெள்ளிக்கிழமை போகுது. தாய் வந்து கையெழுத்து வைச்சாச் சேர்ப்பன்" என்றார். "நீரே போய்ச் சொல்லும்."

மாமி வாசலில் இருந்து இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது. "அப்ப அது ஆற்றை எலும்பு?"

"ஆரோ ஒரு பிள்ளையின்ரை, மாமி. எனக்கு மறந்துபோச்சு. பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"அண்ணை உயிரோடை இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்து கையெழுத்து வையுங்கோ."

"இருக்கலாமெண்டு சொல்லுறியோ, இருக்கிறானெண்டு சொல்லுறியோ?"

"இருக்கலாமெண்டு" என்றேன். அவர் திரும்பவும் ஓர் இறாலை எடுத்துக் கோது உடைத்தார். "வருவான் வருவானெண்டு இருந்தனான் பிள்ளை. நீ சொன்னாப் பிறகு இந்தக் கையாலைதான் மண் போட்டுத் தாட்டனான். தாட்டவனைத் திருப்பி உயிரோடை நினைக்க என்ரை நெஞ்சு கேக்குதில்லை. இன்னொருக்கா அவனைச் சாகக் குடுக்க என்னாலை ஏலாது. என்னை விடு."

வியாழக்கிழமையும் போனேன். கதவு திறக்கவில்லை. நான் கையெழுத்து வைக்கிறேன் என்று சுவாமியாரைக் கெஞ்சினேன். தாய் இருக்கும்போது அயலவள் வைக்கமுடியாது என்றார். வெள்ளி காலை பட்டியல் போனது.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் இருவர் அடுத்த வருடம் உயிரோடு திரும்பினார்கள். ஒருவரிடம் தனியாகப் போய், வேறு குருநகர் ஆட்கள் யாராவது உள்ளே இருந்தார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தன் இருந்தவன்" என்றார். "எங்கடை பேருகள் வந்தாப் பிறகு எங்களை ஒரு பக்கம் விட்டாங்கள். அவனைக் கேட்டு ஒருத்தரும் எழுதேல்லை. வேறை எங்கையோ ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

பெயர் என்ன என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார், நெற்றியைத் தேய்த்தார். மறந்துபோச்சு என்றார்.

மாமியிடம் நான் இதைச் சொல்லவில்லை.