‘தெரியாது’ என்று எழுத மறுத்த போஸ்ட்மேன்

எழுபதுகளில் எனக்குப் பீர்மேட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் தபால் ஆபீசுக்கு மாற்றல் வந்தது. பெருமாட்டியில் தென்னந்தோப்புக்கு நடுவே வெயில் காய்ந்து வளர்ந்தவன் நான். பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை, குளிர், கூடவே என்னை வரவேற்கக் குடையோடு நின்ற போஸ்ட்மேன் சவரிமுத்து. குடையை அவர் தனக்குத்தான் பிடித்திருந்தார்.

“சார்தான புது மாஸ்டரு? இந்த மலையில எனக்குத் தெரியாத ஆளு இன்னும் பொறக்கல. நீங்க சீல் அடிச்சாப் போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

வாய்ச்சவடால் என்று நினைத்தேன். ஆனால் முக்கால்வாசி உண்மைதான். லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மிச்சமிருந்த கால்வாசியில்தான் வினை இருந்தது.

டெலிவரி ஆகாத கடிதத்தின் மேல் போஸ்ட்மேன் காரணத்தை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு அங்கே ஒப்பு என்றுதான் பேச்சு. ஆள் ஊரை விட்டுப் போயிருந்தால் லெஃப்ட். வாங்க மறுத்தால் ரெஃப்யூஸ்டு. இறந்திருந்தால் டிசீஸ்டு. இது எதுவுமே தெரியாவிட்டால் நாட் நோன், அதாவது அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. சவரிமுத்து முதல் மூன்றையும் முத்து முத்தாக எழுதுவார். நான்காவதை மட்டும் எழுதவே மாட்டார். ஆள் அகப்படாவிட்டால் லெஃப்ட் என்று போட்டுவிடுவார். அவர் எழுத்தை நம்பினால் பாதி மலை காலியாகிக் கிடந்தது.

“ஏனுங்ணா, தெரியலீன்னா நாட் நோன்னு போட்டுருங்க. அதுல ஒண்ணும் தப்பில்லீங்க” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அது புதுசா வந்தவன் எழுதுறது சார். நான் எழுதுனா, சவரிமுத்து கிழடு தட்டிப்போனாம்பாவ” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கும் வாயில்லை. எங்கள் டிபார்ட்மென்ட்டில் மேலிருந்து கீழ்வரை ‘தெரியாது’ என்று எழுதிய ஒரு புண்ணியவானை நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாத விஷயம் ‘அண்டர் என்கொயரி’. அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியாவிட்டால் ‘வில் பி இன்டிமேட்டட் இன் ட்யூ கோர்ஸ்’. வழியில் காணாமல்போன ஒரு தபால் பையைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதி அனுப்பி ‘குட் டிராஃப்ட்’ என்று பாராட்டு வாங்கியிருக்கிறேன். பை எங்கே என்பதைத் தவிர அதில் எல்லாம் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஏ. ஞானப்பிரகாசம் என்ற பெயருக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கவர் வந்தது. சாயங்காலம் சவரிமுத்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். மேலே டிசீஸ்டு என்று எழுதி ஒப்பும் போட்டிருந்தார்.

“நெசமாவாங்ணா?” என்று கேட்டேன்.

“கீழ் டிவிஷன் ஞானப்பிரகாசம் சார். நானே அடக்கத்துக்குப் போயிருந்தேன். குழியில ஒரு பிடி மண்ணும் போட்டேன்.”

மண் போட்டுவிட்டு வந்தவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? சீல் அடித்து அனுப்பிவிட்டேன்.

இங்கே டிரையர் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபாக்டரியில் தேயிலையை உலர்த்தும் மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. எஸ்டேட் முழுக்க அவருக்கு டிரையர் என்றே பெயர். அவர் வீட்டுக்காரம்மாகூட, “டிரையரு வந்தாச்சா?” என்றுதான் விசாரிப்பார். தினமும் ஷிஃப்ட் முடிந்து, தபால் ஆபீசுக்கு எதிரே இருந்த கடையில் சவரிமுத்தோடு உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் மகள் பிலோமினாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். சர்ச்சில் கல்யாணத்துக்கு ஓலை எழுதும் நாளைக் கடிதத்தில் தெரிவிக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிப் போயிருந்தார்கள். வாரங்கள் ஓடியும் ஒரு வரி வரவில்லை. மாப்பிள்ளை வீடு கைகழுவிவிட்டது என்று லயத்தில் பேச்சு. அந்தப் பெண் கொழுந்து எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

“எனக்குக் கடுதாசி ஏதும் உண்டா வே?” என்று டிரையர் தினமும் கேட்பார்.

“வந்தா உனக்குத் தராம அடுப்பெரிக்கவா போறேன்?” என்பார் சவரிமுத்து.

ஒரு நாள் மத்தியானம் டிரையர் என் கவுண்டரில் இன்லண்ட் லெட்டர் வாங்கிக்கொண்டு நின்றார். தானே எழுதிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு பேர் நனைந்தபடி உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் பெரிய ரோஜாமாலை.

“ஐயா, காலமான ஞானப்பிரகாசம் வீட்டுக்கு எப்படிப் போகணும்? கேதத்துக்கு வந்திருக்கோம்” என்றார் மாலைக்காரர்.

“வாங்க, நான் காட்டுதேன். தங்கமான மனுசன்” என்று சவரிமுத்து குடையை எடுத்தார்.

டிரையர் திரும்பினார். மாலைக்காரர் அவரைப் பார்த்தார். மாலையோடு ஓரடி பின்வாங்கினார்.

“அண்ணாச்சி, நீங்க இருக்கியளா?”

“இருக்கேன். நீங்க ஏன் கடுதாசி போடல?” என்றார் டிரையர்.

“நீ என்ன வே குறுக்க?” என்றார் சவரிமுத்து.

“ஏ. ஞானப்பிரகாசம் நான்தான் வே.”

சவரிமுத்து குடையை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. மேலதிகாரி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மாலை கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. கூட வந்தவர் பெரியப்பா, தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் திரும்பி வந்த கவரைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

“ஆளு இருக்கது கண்ணுக்குத் தெரியுது. ஆனா சர்க்கார் எழுத்துல செத்திருக்காரே. ஊர்ல இவரு ஆத்துமாவுக்குப் பூசையும் வச்சாச்சு. இப்பக் கல்யாணம்னு போய் நின்னா, சாவுத் துட்டிய மறச்சுப் பொண்ணு குடுக்காவன்னு பேசுவான். எழுதுனவரே இதுல திருத்திக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா இந்தச் சம்பந்தம் சரிப்படாது” என்றார்.

“உசுரோட இருக்காருன்னு சர்டிபிகேட் குடுக்க எங்களுக்கு ரூல் இல்லீங்க. போஸ்ட்மேன் ரிமார்க்க மாத்திக்கலாமுங்க” என்றேன்.

சவரிமுத்து பேனாவை எடுத்தார். “லெஃப்ட்டுன்னு போட்டுரட்டா?”

“ஊரவிட்டு ஓடுன ஆளுகிட்டயா பொண்ணு எடுக்கது?” என்றார் பெரியப்பா.

“ரெஃப்யூஸ்டு?”

“அப்ப எங்க கடுதாசிய வேண்டாம்னு தள்ளுனாரா?”

மிச்சமிருந்தது ஒன்றுதான்.  சவரிமுத்து பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“தினமும் ஒண்ணா டீ குடிக்கோம். இவனத் தெரியாதுன்னு எப்படி சார் எழுதுவேன்? அதுக்கு நான் இந்த பேக்கக் கழட்டி வச்சிட்டுப் போயிருதேன்.”

அவர் சும்மா சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

டிரையர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். “உனக்கு டிரையரத்தான் வே தெரியும். ஞானப்பிரகாசத்தத் தெரியாது. நீ கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. உள்ளதத்தான எழுதச் சொல்லுதாவ. எழுது, பிள்ள வீட்டுக்குள்ள அழுதுட்டுக் கெடக்கா.”

சவரிமுத்து டிசீஸ்டை ஒரு கோட்டால் அடித்தார். அதன் கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக, நாட் நோன் என்று எழுதி ஒப்புப் போட்டார். பெரியப்பா இரண்டு தரம் படித்துவிட்டுக் கவரைப் பைக்குள் வைத்தார்.

“இது போதும். இதுல யாருக்கும் பழுதில்ல” என்றார்.

மாலைதான் மிச்சம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சவரிமுத்து வாங்கிக்கொண்டார்.

“கீழ் டிவிஷன் ஞானப்பிரகாசத்துக்கு வருசமா ஒரு பூ கெடையாது. பேரு சரியாத்தான வந்திருக்கு. டெலிவரி பண்ணிட்டு வாரேன் சார்” என்று மழையில் இறங்கிப் போனார்.

குடையை எடுக்க மறந்துவிட்டார்.

தை மாதம் பிலோமினா கல்யாணம் நடந்தது. பந்தியில் சவரிமுத்துதான் முன்னின்று பரிமாறினார். அதற்குப் பிறகு அவருக்கு நாட் நோன் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. எஸ்டேட் மேனேஜரின் முழுப்பெயருக்கு வந்த கடிதத்தையே அப்படி எழுதிக் கொண்டுவந்தார். “பெரிய தொரைம்போம். பேரு யாரு சார் சொன்னா?” என்றார். அதை நானே பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது ஆபீசுக்கு வரும் பிள்ளைகள் என்னைவிட நல்ல இங்கிலீஷ் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவிடுங்கள். கடிதம் திரும்பிப் போகும், அவ்வளவுதான். ஆள் சாகமாட்டார்.