நெஞ்சுப் பட்டைக்கு அடியில்

என் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் பைபாஸ் செய்து, எட்டாம் நாள் திருப்பூர் மண்ணரையில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருந்தார்கள். நரம்பு எடுத்த இடது காலில் தையல் வேறு. சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சுப் புண் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம், தினமும் பாருங்கள், துளி நீர் கசிந்தாலும் உடனே போன் செய்யுங்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். தலையாட்டினேன். எனக்குப் போய்ச் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர் அப்போதே இருந்தது.

எலும்பு அசையாமல் இருக்க நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். சித்திரை வெயில், தகரக் கூரை. பட்டை உராய்ந்து அவர் நெளிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறவள். இந்த ஊரில் பிறந்த குழந்தையைத் துடைப்பதும் பனியன் துணியில்தான், வண்டியைத் துடைப்பதும் அதில்தான். கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் மெத்தென்று இருந்ததாகப் பார்த்து எடுத்து வந்து, நாலாக மடித்து, ஓரம் அடித்து, பத்துப் பன்னிரண்டு கனத்த துண்டுகள் தைத்தேன். ஒன்றைப் பட்டைக்கு அடியில் வைத்ததும் அவர் முகம் தெளிந்தது.

"பஞ்சாட்ட இருக்குது அம்மிணி" என்றார்.

டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. துணியைப் பற்றித் திருப்பூர்க்காரி யாரிடம் கேட்பாள்?

புண்ணில் கசிந்ததையெல்லாம் அந்தத் துண்டு குடித்துக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் காய்ந்தே தெரிந்தது. துண்டு வைக்கத் தொடங்கிய நாலாம் நாள் கழற்றியதில் மஞ்சளாக ஒரு வட்டம். கறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கடுகளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுகிறவள், இதை வேர்வை என்று சொல்லிக்கொண்டு சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன்.

"இருமுனா உள்ள டிக்கு டிக்குங்குது" என்றார் அவர்.

"எலும்பு கூடறப்ப அப்படித்தானுங்க இருக்கும்" என்று நானே டாக்டர் ஆனேன்.

மறுநாளும் மஞ்சள். ஏழாம் நாள் குளிர் காய்ச்சலில் கட்டிலே ஆடியது. மகன் கார் பிடித்து வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கே திரும்பக் கொண்டுபோனான்.

சீழ் எலும்பு வரை போய்விட்டதாம், கம்பி தளர்ந்துவிட்டதாம், மறுபடி திறந்து கழுவ வேண்டுமாம். "புண்ணு மேல ஏதாச்சும் வெச்சீங்களா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். படுத்திருந்தவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் வெக்கலீங்க சார்."

சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, அதுதான் காரணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார். மகனுக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்கப்பா, எங்களுக்குத் தெரியாம இனிப்பு கினிப்பு தின்னீங்களா?"

"ஆமா கண்ணு. நாக்கு அடங்குல."

ஒரு விள்ளல் தின்றதில்லை. சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடித்த மனுஷன். மகன் வார்டு என்றும் பார்க்காமல் திட்டினான், அவர் தலையைக் குனிந்துகொண்டார். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் பயந்துவிட்டேன். அதே குரலில் மகன் என்னைக் கேட்டுவிடுவானோ என்ற பயம். பிளாஸ்க்கைத் திருகி மூடியபடி நின்றேன்.

திறந்து கழுவினார்கள். பதினோரு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தார். முதலில் கிட்னி போனது, பிறகு அவரும் போய்விட்டார். உண்மையைச் சொல்ல அந்தப் பதினோரு நாளும் எனக்கு இருந்தது.

வருஷத் திதியன்று பந்தியில் உட்கார்ந்த சொந்தக்காரர்களிடம் மகன் சொன்னான்: "அப்பா மட்டும் வாயக் கட்டியிருந்தாருன்னா இன்னிக்கு நம்ம கூட இருந்திருப்பாருங்க."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்த என்னை ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.