பதினெட்டு ஒறுத்தல்

1964 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. பினாங்கு ஆஸ்பத்திரி வளாகத்து மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. காசநோய் வார்டுக்குள் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். எனக்கு ஒன்பது. அப்பா மேலே போவார். மாடி வராந்தாவின் மூன்றாவது தூணுக்கும் நான்காவது தூணுக்கும் நடுவில் அம்மா வந்து கையசைக்கும் வரை நான் கீழே நிற்பேன். அது பதினோராவது ஞாயிறு.

அன்று அப்பாவின் சட்டைப்பையில் காலையில் நான் எழுதிய அட்டை இருந்தது. தவக்காலத்தில் எங்கள் கோயில் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள், செபமாலை இத்தனை, ஒறுத்தல் இத்தனை என்று எழுதி நோயாளிகளுக்குக் கொடுப்பது வழக்கம். ஒறுத்தல் என்றால் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுப்பது.

"சேசு சிலுவையில தன்னையே குடுத்தாரு. நீங்க ஒரு மிட்டாய விட்டாலும் அதோட சேரும், நோயாளிக்குப் பலன் போவும்" என்றார் வகுப்பெடுத்த கன்னியாஸ்திரி சிஸ்டர். எண்ணிக்கை கூடக்கூட அம்மா சீக்கிரம் வீடு வருவாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

உண்மையில் நான் செய்தவை இரண்டு. அதில் ஒன்று, பல்வலியால் ஐஸ் கச்சாங் வேண்டாம் என்றது. வகுப்பில் பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுதானா? இத வச்சா ஒங்கம்மாவுக்குச் சொகமாவும்?"

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து முந்தின நாள் வரை பதினெட்டு நாள். 'முட்டை சாப்பிடாமல் இருந்தது - 18' என்று எழுதினேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபின் எங்கள் வீட்டில் முட்டையே வேகவில்லை என்பதால், அதை முழுப் பொய் என்று நான் கருதவில்லை.

அப்பா துறைமுக ஆபீஸ் முடிந்து, ஆஸ்பத்திரி போய், வீடு வர ஏழு மணி ஆகும். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை வீட்டில் நான் மட்டும். மாடிப்படி பதினாறு, கூரைச் சட்டம் இருபத்திரண்டு. எண்ணி முடித்தால் மறுபடி முதலிலிருந்து. அட்டை போன மறுநாள் அப்பா வந்ததும் கைக்குட்டையை அவிழ்த்து ஓர் அவித்த முட்டையை மேசையில் வைத்தார்.

"அம்மா குடுத்துவிட்டா. சாப்புடு."

"தவக்காலம்பா."

"தெரியும்லா. அம்மா பேச்சக் கேக்கிறதும் ஒறுத்தல்தானாம். அதையும் எழுதிக்கச் சொன்னா."

அன்றிலிருந்து தினம் ஒன்று. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினெட்டும் செல்லாமல் போய்விடும், அம்மாவின் சுகமும் போய்விடும். எனவே சாப்பிட்டேன், சாப்பிட்டதையும் ஒறுத்தலில் சேர்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் முட்டைக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தேன். ஒருநாள் பஸ் நெரிசலில் ஒன்று நசுங்கிவிட்டது. அப்பா கைக்குட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையோடு முட்டை நின்றது. மே மாதம் அம்மா இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு வந்த வார்டு ஆயா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "நீதானா அந்த முட்டைத் தம்பி? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான். நர்ஸ் மிஸ்ஸி ஏசுவாங்க, டாக்டர் ஏசுவாரு. ஒங்கம்மா கேக்கவே மாட்டாங்கலா. தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருவாங்க. 'எம்புள்ள எனக்காக வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்குறான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அம்மா சிரித்தாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

முட்டை அவளைக் காப்பாற்றியிருக்காது என்று டாக்டரான என் மருமகன் கோலாலம்பூரிலிருந்து போனில் மூன்று முறை சொல்லிவிட்டார். இருக்கலாம். இப்போது எழுபது கடந்து, தனி வீட்டில், இன்னொரு தவக்காலத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். கொடுத்ததாக எழுதியவன் நான், கொடுத்தவள் அவள். ஒன்பது வயதில் அது எனக்குத் தெரியவில்லை. மார்ச் 2 முதல் 28 வரை, பஸ்ஸில் நசுங்கியதையும் சேர்த்து, இருபத்தேழு முட்டை.