போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் எழுந்த நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் நான். "மிஸ், அக்கா போயிட்டாங்க" என்றான், எங்களோடு வேலை செய்த பரமேஸ்வரியின் தம்பி. எலிக்காய்ச்சலோடு ஐந்து நாள் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தவள், முப்பத்து மூன்று வயதில் போய்விட்டாள். மேலாளரிடம் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றவர், அடுத்த மூச்சிலேயே "வெள்ளிக்கிழமை போகவேண்டிய பெட்டிகளை யார் சோதிப்பது?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்காமலேயே எழுதுகிறேன். அவளைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருவிட்டவுக்கு அப்பால், பழைய றப்பர் ஸ்டோர் ஒன்றைத் திருத்தி அமைத்த பட்டறை எங்களுடையது. கண்ணாடி இழையில் ஒளி வழியாகச் செய்தி அனுப்பும் பெட்டிகளைப் பாகம் பாகமாகப் பூட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். பெட்டிக்குள் மொடியுலேட்டர் என்று விரல் நீளக் கருவி ஒன்று இருக்கும். கம்பியில் வரும் மின்சமிக்ஞையை ஒளியின் மேல் ஏற்றுவது அதன் வேலை. றப்பர் மரத்தில் பால்வெட்டுகிற இராமையாவின் மகள் பரமேஸ் அந்தப் பெட்டிகளைச் சோதிப்பவள். நான் தட்டச்சுக்காரி, ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்.

சமிக்ஞையைத் தடுக்கிற அளவைத் தடங்கல் என்பார்கள்; கம்பியின் தடங்கலும் அது போய்ச் சேரும் இடத்தின் தடங்கலும் ஒன்றாக இருக்கவேண்டும். அதைச் சரிபார்ப்பதற்குப் பொருத்தம் என்று பெயர். பரமேஸ் இதை விளக்கச் சோம்பல்பட்டு, "பொருத்தம் பாக்குற வேலம்மா" என்று தாயிடம் சொல்லித் தொலைத்தாள். அடுத்த ஞாயிறு அவளோடு அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் போனால், வாசலில் மூன்று பெண்கள் ஜாதகக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பரமேஸுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நா பாக்குறது கம்பிக்குப் பொருத்தங்க! கம்பியில போற சமிக்ஞ, முடியிற எடம் சரியில்லாட்டி முட்டித் திரும்பி வந்துரும். வர்றதும் போறதும் மோதிக்கிட்டா வெளிச்சம் கலங்கிரும்" என்று கத்தினாள். அதில் ஒருத்தி, "அட, எம் மக புருசன் வீட்லருந்து திரும்பி வந்த மாதிரியா?" என்றாள். பரமேஸ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "ஆமாங்க, அதேதான். திரும்பி வந்தா பொண்ணு மேல குத்தம் சொல்லாதீங்க. போய்ச் சேந்த எடத்தப் பாருங்க" என்றாள். அந்த அம்மாள் ஜாதகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள்.

போன வருடம், வாங்கியவர்கள் ஒரு தொகுதிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சமிக்ஞை நெளிகிறது என்று புகார். மேலாளர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வத்தே கெல்லோ" என்றார் சிங்களத்தில், தோட்டத்துப் பெட்டைகள் என்று. ஈயம் உருக்கிக் கம்பிகளுக்குப் பற்று வைக்கிற ஐந்து பெண்களும் மாத முடிவில் நிற்கவேண்டும் என்றார். என்னைக் கொண்டே கடிதத்தையும் தட்டச்சு செய்வித்தார். படுபாவி!

பரமேஸ் அந்தக் கடிதத்தை என் மேசையிலிருந்து எடுத்துத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் சோதனை மேசையை விட்டு நகரவில்லை. மொடியுலேட்டருக்குள் சமிக்ஞை ஓடும் மின்வாய் முடிகிற இடத்தில் வைத்திருந்தது ஐம்பது ஓம் தடை. எல்லாக் கம்பிக்கும் ஐம்பதுதான் என்ற பழக்கத்தில் மேலாளரே வரைந்து கொடுத்தது அது. அந்த மின்வாயின் தடங்கலோ நாற்பதுக்குச் சற்று மேல்தான். அவள் தடையை மாற்றினாள். சமிக்ஞை நுழைகிற பக்கத்திலும் கம்பிக்கும் மின்வாய்க்கும் நடுவே பொருந்துகிற மாதிரி ஒரு செப்புப் பட்டைத் துண்டு வைத்தாள். திரையில் நெளிந்த கோடு நேராக நின்றது. மேலாளரை அழைத்து, "சேர், ஈயப் பத்து வச்ச புள்ளைங்க மேல குத்தம் இல்ல. போய்ச் சேந்த எடத்துலதான் குத்தம்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். ஐந்து பேரின் வேலையும் தப்பியது.

வாங்கியவர்களுக்குப் போகும் அறிக்கையை நான் தட்டச்சு செய்தேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். மேலாளர் சிவப்புப் பேனாவால் அதை வெட்டித் தன் பெயரை எழுதி, "திரும்ப அடி" என்றார். அடித்தேன். என் வேலையும் போய்விடுமோ என்று பயம்.

பரமேஸ் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் கேட்டாள்: "அவரு அழிச்சா அது அவரு புத்தி. நீ ஏன் புள்ள அழிச்ச?" பஸ் வந்ததும் அவளை முன்னால் ஏறவிட்டு, நான் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

மரண வீட்டுக்கு மேலாளர் மலர்வளையத்தோடு வந்தார். "நல்லதொரு உதவியாளரை இழந்துவிட்டோம்" என்று பேசினார். உதவியாளராம்! அந்த ஐந்து பெண்களும் தலை குனிந்து நின்றார்கள். நானும்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர்மேல் எவ்வளவு கோபமோ, அதில் குறையாத கோபம் எனக்கு என்மேல்.

அவளுடைய நினைவாக என்னிடம் இருப்பது சிவப்புக் கோடு விழுந்த அந்த முதல் அறிக்கைத் தாள். இத்தனை நாளும் என் துணிப்பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இன்று மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, அன்று அழித்த அதே விரல்களால் மறுபடி அடிக்கிறேன். இந்த முறை யாரும் வெட்டமுடியாது.

கண்டறிந்தவர்: இராமையா பரமேஸ்வரி.