தூசு என்று எழுதவும்

மணல் தடுப்பு அலுவலகத்தில் பெருக்குகிற அக்காவுக்கு மாதம் ஒரு துடைப்பம் அனுமதி. அது இரண்டு வாரத்தில் மொட்டையாகிவிடும். மீதி நாளெல்லாம் வெறும் பிடியை வைத்துக்கொண்டு மணலோடு மல்லுக்கட்டுவாள்.

அலுவலகம் வந்து ஒன்பது வருடம். அதற்கு முன் அது நிற்கிற மேட்டில் முட்புதர் மண்டிக் கிடந்தது. மேற்கிலிருந்து வரும் மணல் அதில் முட்டிக்கொண்டு நின்றது. மணலைத் தடுக்க ஓர் அலுவலகம் வேண்டும் என்று மேலே முடிவானதும் புதரை வழித்தெடுத்துவிட்டு அங்கேயே கட்டினார்கள். கட்டடம் நன்றாக வந்தது. மணலும் நன்றாக வந்தது.

மேட்டுக்குக் கீழே அக்காவின் மூன்று ஏக்கர். இரண்டே வருடத்தில் கணுக்கால் வரை மூடியது, நாலாவது வருடம் முழங்கால் வரை. கிணறு உப்புக் கரித்தது. வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போனார். அவள் துடைப்பத்தை எடுத்தாள். தன் நிலத்தை மூடுகிற மணலையே சம்பளத்துக்குக் கூட்டித் தள்ளுகிறாள்.

வரவேற்பறையில் மூன்று பலகைகள்: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள். தினமும் துடைத்துத் துடைத்து மூன்றும் அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் தீர்வுகளைத் துடைக்கும்போது கேட்டாள்.

"இந்தப் படத்துல இருக்கற புதர்தானே சார் இங்க இருந்துச்சு?"

"வெட்டினது காரணம் பலகையில வரும். நடறது தீர்வுல வரும். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க அக்கா" என்றார் தலைமை எழுத்தர்.

மணல் மூடிய நிலம் என்று அலுவலகம் ஒப்புக்கொண்டால் போதும். மணலை அள்ளி, சுற்றிலும் புதர் வேலி நட்டுத் தரத் திட்டம் இருக்கிறது. மூன்று தடவை மனு கொடுத்தாள். மூன்று தடவையும் ஒரே பதில்: மணல் நகர்வு ஏதும் பதிவாகவில்லை.

துடைப்பத்துக்கும் அதே கதைதான்.

"இன்னொண்ணு வேணும் சார்."

"காரணம்?"

"மணல்தான். வேற என்ன?"

எழுத்தர் பேனாவை மூடினார். "மணல்னு எழுதக்கூடாது அக்கா. மணல் நின்னுபோச்சுன்னு போன வருஷமே மேல எழுதிட்டோம். தூசுன்னு போட்டுக்கலாம்."

"தூசை யாராவது முறத்துல அள்ளுவாங்களா சார்?"

"பெரிய தூசு."

அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருவதாகச் செய்தி வந்தது. "ஒரு பொட்டு மணல் இருக்கக்கூடாது. பளிச்சுன்னு இருக்கணும்" என்றார் எழுத்தர். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"நம்ம மனுவைக் கெடுக்கறது யார் தெரியுமாங்க? நாந்தான்."

"என்னடி உளர்ற?"

"அவங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிடறேன். வந்து பார்த்துட்டு மணல் இல்லைன்னு எழுதறாங்க. அது பொய்யா?"

அவர் சிரித்தார். "அப்ப பெருக்காம இரு."

அவர் சொன்னது விளையாட்டுக்கு. அவள் கேட்டுக்கொண்டது அப்படி அல்ல. குழு வருவதற்கு முந்தின மூன்று நாளும் அலுவலகத்துக்கு விடுமுறை. நாலாம் நாள் காலையில் வந்தவள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, மேற்கு ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து உட்கார்ந்தாள். காற்று தன் வேலையைச் செய்தது.

குழுத் தலைவர் வந்தபோது கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஒருக்களித்து நுழைந்தவர் தீர்வுகள் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். அரைப்படி இருக்கும்.

"என்னய்யா இது?"

"தூசு சார்" என்றார் எழுத்தர். தலைவர் அவரையே பார்க்கவும், "பெருக்கற அம்மா சரியில்ல சார்" என்றார்.

அறையில் எல்லோருக்கும் உயிர் வந்தது. கோளாறு மணலில் இல்லை, பெருக்குவதில் இருக்கிறது. மணல் நகர்வு இல்லை என்று குழு வழக்கம்போல் எழுதிவிட்டுக் கிளம்பியது.

மறுநாள் அக்காவுக்கு மெமோ வந்தது. வாசலிலும் உள் அறைகளிலும் முழங்கால் அளவு மணல் குவியும்படி அலட்சியமாக இருந்ததற்கு ஏன் வேலை நீக்கம் செய்யக்கூடாது? அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மணல்னு போட்டிருக்கீங்களே சார்?"

"பின்ன? தூசுன்னு போட்டா நடவடிக்கை நிக்காது."

"சீல் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். மத்தியானம் நாலாவது மனுவோடு எழுத்தர் முன் நின்றாள். மனுவின் பின்னால் மெமோ நகல், ஊசி குத்தி இணைத்திருந்தது.

எழுத்தர் இரண்டு தடவை படித்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மெமோவைத் திரும்ப வாங்கிக்கறோம்."

"வேணாம் சார். தப்பு என்னோடதுதான்."

"வேலை போயிடும்."

"போகட்டும். நீங்க மனுவைப் பதிங்க."

அவர் உள்ளே அதிகாரியின் கதவைப் பார்த்தார். அது மணலில் சிக்கி, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றது. பதிவேட்டை இழுத்து ஊதினார். பொருள் என்ற கட்டத்தில், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, மணல் என்று எழுதினார்.

மை காய்வதற்குள் அதன்மேல் கொஞ்சம் வந்து ஒட்டிக்கொண்டது.