பகடை வேண்டாத ஜெபம்

எருமைத் தலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சிறகு கிடையாது என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது.

பொத்தேரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன், விடுதி நண்பர்களிடம் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட தடித்த விதிப்புத்தகமும், இருபது முகமுள்ள ஒரு பகடையும் கொண்டுவந்திருந்தான். அவன் கதை சொல்வான். அந்தக் கதைக்குள் யாராகப் போவது என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். வீரன், திருடன், மந்திரவாதி என்று புத்தகத்தில் பட்டியலே இருந்தது. எதைச் செய்ய நினைத்தாலும் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும்; சின்ன எண் விழுந்தால் நடக்காது.

எனக்கு எருமைத் தலை வீராங்கனையாக ஆசை. பறக்கவும் ஆசை.

"முதல் நாளே பறந்துட்டீன்னா ஆறு எதுக்கு, மதில் எதுக்கு? மத்தவங்க மட்டும் நடந்து வரணுமா?" என்றான் அண்ணன்.

மற்றவர்கள் என்று அப்போது யாருமே இல்லை. பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடி முழுக்கத் தேடியும் இந்த விளையாட்டுக்கு ஆள் சேரவில்லை.

எல்லோருக்கும் கோடை விடுமுறை. அத்தை சேர்ந்தது அந்த வாரத்தில்தான். மாமாவைத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் ஏதோ கட்டி என்று மட்டும் எனக்குத் தெரியும். மத்தியானம் அப்பா போய் மாமாவுடன் இருப்பார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிப் போவார். பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். அரை மதிப்பெண்ணுக்குக் கெஞ்சும் பிள்ளைகளிடம் இரக்கமே காட்டமாட்டார் என்று பெயர் வாங்கியவர்.

"பேய் பிசாசெல்லாம் உண்டா இதுல?" என்று கேட்டபடி, புத்தகத்தை விடைத்தாள் போலப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"இது யாரு?"

"பூசாரி அத்தை. ஜெபம் பண்ணினா காயம் ஆறிடும்."

"அதுக்கு எத்தனை விழணும்?"

"பகடையே வேணாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை. கேட்டா கிடைக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அத்தை வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தானும் வருவதாகச் சொன்னார். அண்ணன் அவருக்கான தாளில் எழுதிய 'பூசாரி'யைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, எங்கள் சர்ச்சில் சொல்வதுபோல 'ஊழியக்காரி' என்று திருத்தினார். எந்தச் சாமி என்று அண்ணன் கேட்டான். புத்தகத்தில் நாற்பது சாமிகள் இருந்தார்கள். "பேரெல்லாம் வேணாம். கடவுள்னு மட்டும் போடு" என்றார்.

நான்கு நாள் விளையாடினோம். நான் கதவைத் திறக்க உருட்டினேன், பள்ளத்தைத் தாண்ட உருட்டினேன், விழுந்து எலும்பை முறித்துக்கொண்டேன். அத்தை கண்ணை மூடி, நிஜமாகவே உதடசைய ஜெபம் செய்வார். எலும்பு கூடிவிடும். குணமானது என் எலும்புதான் என்றாலும் எனக்கு வயிறு எரிந்தது. சிறகு கூடாது என்றவன் இதை மட்டும் எப்படி அனுமதிக்கலாம்?

ஐந்தாம் நாள் கேட்டேவிட்டேன். புத்தகத்தில் இருக்கிறதே என்று அண்ணன் தலையைச் சொறிந்தான். அத்தை வழக்கத்துக்கு மாறாக என்னிடம் வாதாடினார்.

"உனக்கு வாள் குடுத்திருக்காங்க பாப்பா. எனக்கு இது ஒண்ணுதான்."

பகடை போடாவிட்டால் இனி வரமாட்டேன் என்று பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டேன். விளையாட்டே நின்றுவிடும் என்ற பயத்தில் அண்ணன் விதியை மாற்றினான்.

அன்று கதையில் ஒரு படகோட்டியைப் பாம்பு கடித்திருந்தது. அத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பகடையைப் பொத்திக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார். மூன்று விழுந்தது.

"இன்னொரு தடவை போடட்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ஒரு தடவைதான். ஸ்கூல்ல நீங்களே அப்படித்தானே சொல்வீங்க" என்றேன்.

அத்தை சிரித்தார் என்றுதான் நினைத்தேன். பகடையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன் இரவுச் சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை.

ஏனென்று தெரியாமலே எனக்கு உறுத்தியது. மறுநாள் ஆட்டோ வந்து நிற்கும்போதே கேட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, பழைய ரூலே வச்சுக்கலாம். உங்களுக்குப் பகடை வேணாம்."

"இல்ல பாப்பா" என்றார் அத்தை. "நீ சொன்னதுதான் சரி. எல்லாருக்கும் பகடை இருக்கட்டும்."

கணக்கு டீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அண்ணனிடம் சொல்ல மூன்று மாடியும் குதித்தேறினேன்.

இரண்டு மாதம் கழித்து மாமா பாதியாய் மெலிந்து வீடு திரும்பினார். இன்றுவரை எங்கள் வீட்டு மீன்குழம்பில் புளி போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை அதற்குப் பிறகு அந்தப் பகடையைத் தொடவில்லை. இவையெல்லாம் பின்னால் நடந்தவை.

நான் கேட்டுக்கு ஓடிய அன்று காலையில்தான் டாக்டர் அத்தையை உட்காரவைத்து, ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது பாதிக்குப் பாதி என்று சொல்லியிருந்தார். சமையலறையில் அம்மா அதை யாரிடமோ ஃபோனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. மாமாவுக்குப் பாதி உடம்பு சரியாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். சந்தோஷம் தாங்காமல், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அத்தையிடமே போய், மீதிப் பாதி எப்போது சரியாகும் என்று கேட்டேன்.